மனை விளம்பரமும் மழைக்காலமும்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்களின் அடிப்படைத் தேவைகள். இவற்றுள் முதலிரண்டையும் மனிதன் வாழ்நாளில் பன்முறை வாங்குகிறான். உறையுளுக்கான மண்ணையோ பெரும்பாலோர் ஒரே ஒரு முறைதான் வாங்குகின்றனர். பல ஆண்டுச் சேமிப்பும் மனைவியின் நகையும் ஓய்வூதியப் பணமும் வெளிநாட்டு உழைப்பும் அந்த ஒரு பத்திரத்திற்குள் அடங்கிவிடுகின்றன. அத்தகைய பொருளை விற்கப் பயன்படும் மொழி எத்தகையது, அதை வாங்குவோர் எவ்வாறு படித்தறிய வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அங்கு நிகழும் ஊர் நிகழ்வுகளும் இங்கு ஆய்வுக் களமாகக் கொள்ளப்படுகின்றன.

இரு மாவட்டங்களின் பின்னணி

ஒன்றுபட்ட திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதிலிருந்து 2001இல் அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேரும் அரியலூர் மாவட்டத்தில் 7,54,894 பேரும் வாழ்ந்தனர். அன்றைய தமிழக மாவட்டங்களுள் மிகக் குறைந்த மக்கள்தொகை உடையது பெரம்பலூரே.

மாவட்டத் தலைநகர் என்னும் தகுதி ஒரு சிற்றூரின் நில மதிப்பை மாற்றிவிடுகிறது. ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், கல்வி நிலையங்கள், மருத்துவமனை என ஒன்றன்பின் ஒன்றாக எழும்போது, அவற்றைச் சுற்றியுள்ள சோளக்கொல்லைகளும் பருத்திக் காடுகளும் ‘மனை’ என்னும் புதுப்பெயர் பெறுகின்றன. பெரம்பலூருக்கு இருப்புப்பாதை இல்லை. ஆயினும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை அதன் வழியே செல்கிறது. எனவே அங்கு மனைப்பிரிவுகள் சாலையைத் தொடர்ந்து வளர்ந்தன. அரியலூருக்கு இரயில் நிலையம் உண்டு. சுண்ணாம்புக்கல் வளமும், அதனைச் சார்ந்த சிமெண்ட் ஆலைகளும் உண்டு. 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. எனவே அங்கு ஆலையையும் கல்லூரியையும் சுற்றி மனைகள் பெருகின.

வாங்குவோர் யார் என்பதும் எண்ணத்தக்கது. உள்ளூர் ஆசிரியர், அரசு ஊழியர், ஆலைப் பணியாளர் ஆகியோர் ஒரு பிரிவினர். வெளிநாடுகளில் உழைப்போர் மற்றொரு பிரிவினர். வெள்ளாற்றங்கரையில் உள்ள லப்பைக்குடிகாடு போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் பலர். வட்டியைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்கள் வங்கி வைப்பைக் காட்டிலும் மண்ணையும் பொன்னையும் நாடுவது இயல்பு. ஆனால் கடல் கடந்து வாழ்வோர், வாங்கும் மண்ணைக் கண்ணால் காணாமலே பணம் அனுப்ப நேர்கிறது. அவர்களுக்கு விளம்பரச் சொல்லே கண்ணாகிவிடுகிறது. சொல் பிழைத்தால் வாழ்வே பிழைத்துப்போகும்.

கூதிர்ப் பருவமும் ஊர் நிகழ்வுகளும்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். பிற நாட்டார் இலையுதிர் பருவம் என்று வழங்கும் காலம் நமக்கு மழை மிகுந்த கூதிராகும். வடகிழக்குப் பருவமழை பொழியும் இக்காலத்திலேதான் இவ்வட்டாரத்து மானாவாரி நிலம் உயிர்பெறுகிறது. கரிசல் மண்ணில் மக்காச்சோளமும் பருத்தியும் தழைக்கின்றன. செட்டிகுளம் பகுதி சின்ன வெங்காயத்திற்குப் பெயர்பெற்றது.

இப்பருவம் ஊர் கூடும் பருவமுமாகும். ஐப்பசி முழுமதி நாளில் கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த கோயிலின் பெரிய இலிங்கத்திற்கு அன்னாபிடேகம் நிகழ்கிறது. சுற்றுவட்டார மக்கள் பெருந்திரளாக அங்குக் கூடுகின்றனர். தீபாவளியும் கார்த்திகை விளக்கீடும் இப்பருவத்திற்குரியவை. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்குத் தொலைநாட்டுப் பறவைகள் வந்திறங்கத் தொடங்குவதும் இப்போதுதான். அந்த ஏரி 2024இல் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அக்டோபர் 2 அன்று நடைபெறும் கிராம சபையோடு, 2022 முதல் நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாளிலும் கிராம சபை கூடுகிறது.

மக்கள் கூடுமிடத்தில் வணிகம் கூடுவது உலக இயல்பு. தீபாவளியை ஒட்டி ஊதியத்துடன் மிகையூதியமும் கைக்கு வரும். வெளியூரில் வாழ்வோர் விடுமுறையில் ஊருக்குத் திரும்புவர். புரட்டாசியில் தள்ளிப்போட்ட நற்செயல்களை ஐப்பசியில் தொடங்குவோர் பலர். முகூர்த்த நாள்களில் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூடுதல் முன்பதிவு வில்லைகளை அரசே வழங்கும் வழக்கமும் உண்டு. ஆகவே துண்டறிக்கைகளும் சாலையோரத் தட்டிகளும் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்களும் இப்பருவத்தில் பெருகுகின்றன. மனையைப் பார்வையிட இலவச ஊர்தி, மதிய உணவு, முன்பணம் கட்டினால் தங்க நாணயம், குலுக்கலில் இருசக்கர வண்டி என்பன அவற்றில் வழக்கமாக இடம்பெறும் அழைப்புகள். விழாக் காலத்தின் மகிழ்ச்சியான மனநிலையே அவ்வணிகத்தின் முதற்பெரும் மூலதனம் எனலாம்.

விளம்பரத் தமிழின் இயல்புகள்

மனை விளம்பரங்களின் மொழியை ஆராய்ந்தால் சில இயல்புகள் புலனாகின்றன.

முதலாவது, பெயரிடல். சங்க இலக்கியத்தில் ‘நகர்’ என்பது மாளிகையையும் கோயிலையும் குறித்தது. பின்னர்ப் பேரூரைக் குறித்தது. இன்றோ நான்கு கல்லும் ஒரு வளைவும் நட்ட கொல்லையையும் குறிக்கிறது. ‘மனை’ என்பதும் அவ்வாறே பொருள் சுருங்கிற்று. இல்லத்தையும் இல்லறத்தையும் சுட்டிய சொல் அது. மனைவி என்னும் சொல் அதன் வழிப் பிறந்ததே. இன்று வீடற்ற வெற்றிடத்திற்கு அது பெயராயிற்று. வாழ்வின் மணம் வீசும் சொல்லை வெற்றிடத்திற்குச் சூட்டும்போது, வாங்குவோர் மனத்தில் வீடு தானே எழுந்துவிடுகிறது.

இரண்டாவது, அளவின்றித் தொலைவைச் சுட்டல். ‘மிக அருகில்’, ‘கூப்பிடு தூரத்தில்’, ‘சில நிமிடப் பயணத்தில்’ என்பன அளவுச் சொற்கள் போலத் தோன்றினும் அளவற்றவை. எந்த ஊர்தியில், எந்தச் சாலையில், எந்த நேரத்தில் என்ற வினாக்களுக்கு அவற்றில் விடை இல்லை. இவ்வுத்தி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1920களில் மனை வாங்கும் வெறி பரவியது. அப்போது சார்லஸ் போன்சி என்பவர் ஜாக்சன்வில் நகருக்கு அருகில் என்று கூறித் துண்டு மனைகளை விற்றார். அந்நிலம் உண்மையில் அந்நகரிலிருந்து ஏறத்தாழ 65 மைல் தொலைவில் கிடந்தது. பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குச் சென்று மீண்டும் திரும்பும் தொலைவுக்கு அது ஏறக்குறைய ஒப்பாகும்.

மூன்றாவது, காலத்தை மயக்கல். நிகழ இருப்பதை நிகழ்ந்ததாகக் கூறுவதற்கு இலக்கணத்தில் இடமுண்டு. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் ஒரு காலம் மற்றொரு காலமாக மயங்குவதைக் கால வழுவமைதி என நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. உண்ண அமர்ந்தவன், அழைக்கும் நண்பனிடம் ‘வந்துவிட்டேன்’ என்பது விரைவு பற்றிய வழுவமைதி. ஆனால் வராத பேருந்து நிலையத்தையும் அமையாத தொழிற்பேட்டையையும் ‘அமைந்துள்ளது’ என்று எழுதுவது எந்த அமைதியிலும் அடங்காது. அது வழுவே. பேச்சில் அமைதியாகும் ஒன்று விற்பனையில் வஞ்சனையாகிறது.

நான்காவது, அச்சமூட்டல். ‘சில மனைகளே எஞ்சியுள்ளன’, ‘விலை உயர்வுக்கு முன் முந்துங்கள்’ என்னும் தொடர்கள் எண்ணிப் பார்ப்பதற்கான நேரத்தைப் பறிக்கின்றன. நிலம் ஓடிப்போகும் பொருளன்று. ஒரு வாரத்தில் பறிபோகும் மனை ஒருவர்க்குப் பறிபோனால், அடுத்த மனைப்பிரிவு அடுத்த ஊரில் உண்டு. அவசரப்பட்டுக் கொடுத்த பணமோ எளிதில் திரும்புவதில்லை.

வரவிருக்கும் திட்டங்களும் நில விலையும்

காலத்தை மயக்கும் விளம்பரம் எவ்வளவு நீண்ட ஏமாற்றத்தில் முடியக்கூடும் என்பதற்கு இவ்வட்டாரத்திலேயே சான்றுகள் உண்டு. செயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரித் திட்டத்திற்கென 1990களில் எட்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் எடுக்கப்பட்டது. திட்டம் தொடங்கவே இல்லை. கால் நூற்றாண்டு கடந்தபின், நிலத்தை உரியவர்களிடமே திரும்ப அளிக்க அரசு முடிவு செய்தது. அதுபோலவே பெரம்பலூர் மாவட்டத்தின் திருமாந்துறை வட்டாரத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலத்திற்கென 2007ஆம் ஆண்டையொட்டி ஏறத்தாழ 3,000 ஏக்கர் திரட்டப்பட்டது. அந்நிலமும் நெடுங்காலம் பயனின்றிக் கிடந்தது. பின்னர் எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்து, காலணி ஆலைகளுக்கான அடிக்கல் 2022 நவம்பரில் நாட்டப்பட்டது.

இவற்றிலிருந்து பெறப்படும் பாடம் ஒன்று. அறிவிப்பு, நில எடுப்பு, அடிக்கல், கட்டுமானம், வேலைவாய்ப்பு என்னும் ஐந்தும் ஐந்து படிகள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே பல ஆண்டுகள் கழியலாம். இடையில் எந்தப் படியிலும் திட்டம் நின்றுபோகலாம். ஆனால் மனை விலை முதற்படியிலேயே ஐந்தாம் படிக்கு ஏறிவிடுகிறது. அறிவிப்பைக் கேட்டு வாங்குவோர் வேலைவாய்ப்பின் விலையைக் கொடுத்து அறிவிப்பை மட்டும் பெறுகின்றனர்.

பத்திரத் தமிழ்

விளம்பரத் தமிழுக்கு நேர் எதிரானது பத்திரத் தமிழ். முன்னதில் அடைமொழி உண்டு, எண் இல்லை. பின்னதில் எண் உண்டு, அடைமொழி இல்லை. கிரயப் பத்திரத்தின் இறுதியில் வரும் சொத்து விவரத்தைப் பாருங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண், மனை எண், நான்கெல்லை, கிழமேல் அடி, தென்வடல் அடி, மொத்தச் சதுர அடி என்று எழுதப்பட்டிருக்கும். ‘இதற்கு மிக அருகில்’ என்ற சொல் அங்கே இராது. ‘இன்னார் மனைக்குக் கிழக்கு, இருபதடிச் சாலைக்கு மேற்கு’ என்றே இருக்கும்.

இப்பத்திரத் தமிழில் பிறமொழிச் சொற்கள் மிகுதி. அவற்றுள் அரபு மொழியிலிருந்து பாரசீகம், இந்துஸ்தானி வழியாக வந்தவை பல. அசல், நகல், வசூல், பாக்கி, ரத்து, ஜப்தி, தகராறு, தாலுகா, தாசில், மகசூல் என்பன அத்தகையன. வருவாய்த்துறையின் பசலி ஆண்டு சூலை முதல் நாளில் தொடங்குகிறது. விளைச்சற் பருவத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லே அதன் மூலம். நிலவரியைக் குறிக்கும் கிஸ்தி என்பதற்குத் தவணை என்பதே மூலப்பொருள். எல்லைப் பகுதியின் தலைப்பாக வரும் சக்குபந்தியும் அவ்வழி வந்ததே. அடங்கல், வில்லங்கம், நஞ்சை, புஞ்சை என்பன தமிழ் வழக்குகள். நம் துறை மாணவர் கல்வெட்டுச் சொற்களைப் பயில்வதுபோல் இவ்வாவணச் சொற்களையும் பயில்வாராயின் தம் குடும்பத்திற்கும் ஊருக்கும் பெரும்பயன் விளையும்.

வாங்குவோர் காணவேண்டிய ஆவணங்களைச் சுருங்கச் சொல்லலாம். தாய்ப்பத்திரம் என்னும் மூல ஆவணம் நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைக் காட்டும். வில்லங்கச் சான்று அதன்மீதுள்ள பதிவு பெற்ற அடைமானம், விற்பனை முதலியவற்றைக் காட்டும். பட்டாவும் சிட்டாவும் வருவாய்த்துறைப் பதிவில் உடைமையாளர் யார் என்பதைக் காட்டும். புலப்படம் நிலத்தின் வடிவத்தையும் அளவையும் காட்டும். இவற்றுள் எதுவும் தனித்து முழு உண்மையைக் கூறுவதில்லை. எல்லாவற்றையும் ஒப்பிட்டு நோக்கினாலே உண்மை புலப்படும். பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை இன்று அரசின் இணையதளங்களிலேயே பார்வையிட முடிகிறது.

பொது அதிகார ஆவணத்தை மட்டும் நம்பி வாங்குதல் கூடாது. அத்தகைய ஆவணத்தாலும் விற்பனை உடன்படிக்கையாலும் மட்டும் நில உரிமை மாறிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. கோயில் நிலம், வக்பு நிலம், அரசு புறம்போக்கு, 1892ஆம் ஆண்டு ஆணையின்வழி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலம் ஆகியவற்றையும் முன்னரே விசாரித்தறிய வேண்டும். அறத்திற்கென ஒருவர் விட்டுச்சென்ற மண்ணை அறியாமல் வாங்குபவர் பொருளையும் இழக்கிறார். ஊரின் பொதுச் சொத்தும் வழக்கில் சிக்குகிறது. இவ்வகையில் ஊர்ப் பெரியவர்களும் சமாஅத் நிருவாகிகளும் தம் பொறுப்பிலுள்ள நிலங்களின் சர்வே எண்களை ஊரறிய எழுதி வைத்தல் நலம்.

ஓர் ஏக்கரின் கணக்கு

அங்கீகாரம் பெற்ற மனை ஏன் விலை மிகுந்தும், பெறாத மனை ஏன் விலை குறைந்தும் இருக்கின்றன என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஓர் ஏக்கர் 100 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. மனைப்பிரிவுச் சாலைகளுக்கு அதில் பத்தில் மூன்று பங்கு போவதாகக் கொள்வோம். எஞ்சுவது 30,492 சதுர அடி. சாலை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பூங்கா, விளையாட்டிடம் முதலிய பொதுப்பயனுக்கு ஒதுக்கினால், விற்பதற்கு எஞ்சுவது ஏறத்தாழ 27,400 சதுர அடி. இதில் 1,200 சதுர அடி மனைகள் 22 மட்டுமே அமையும்.

சாலையைக் குறுக்கி, பூங்காவை ஒழித்து, வாய்க்காலையும் வரப்பையும் சேர்த்து வெட்டினால் அதே ஏக்கரில் முப்பது மனைகள் காட்டலாம். மலிவின் மறைபொருள் இதுவே. வாங்குவோர் குறைந்த விலைக்குப் பெற்றதாக மகிழ்கின்றனர். ஆனால் தீயணைப்பு ஊர்தி நுழையும் சாலையையும், குழந்தைகள் விளையாடும் இடத்தையும், மழைநீர் வடியும் வழியையும் அவர்கள் விற்றுவிட்டுத்தான் அம்மலிவை வாங்கியுள்ளனர். வேண்டிய இடத்தில் மண் இல்லாமற்போனபின் அதை எந்த விலைக்கும் மீட்க இயலாது.

சட்டம் தந்துள்ள பாதுகாப்பு

ஊராட்சித் தலைவரின் ஒப்பமும் முத்திரையும் இட்ட வரைபடத்தைக் காட்டி ‘பஞ்சாயத்து அங்கீகாரம்’ என்று விற்ற காலம் ஒன்றிருந்தது. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாத அத்தகைய மனைப்பிரிவுகள் தமிழகமெங்கும் பெருகின. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவுசெய்யத் தடை விதித்தது. ஒரே நாளில் பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பு விற்கவும் முடியாத, கட்டவும் முடியாத மண்ணாயிற்று. அதன்பின் 2017 மே மாதத்தில், 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளையும் மனைப்பிரிவுகளையும் வரன்முறைப்படுத்தும் விதிகளை அரசு வெளியிட்டது. விண்ணப்பிக்கும் காலம் பலமுறை நீட்டிக்கப்பட்டது. குற்றம் விற்றவருடையதாக இருக்க, கட்டணமும் அலைச்சலும் பெரும்பாலும் வாங்கியவர் தலையில் விழுந்தன.

2016ஆம் ஆண்டின் வீடு, மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் விளம்பரத் தமிழுக்கே ஓர் இலக்கணம் வகுத்தது எனலாம். தமிழகத்தில் இதற்கான விதிகள் 2017 சூன் மாதத்தில் வந்தன. ‘ரேரா’ என்று மக்கள் வழங்குவது இதனையே. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைக் குழுமத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்தலே குற்றம். விளம்பரத்தில் பதிவு எண்ணும் குழுமத்தின் இணையதள முகவரியும் இடம்பெற வேண்டும். தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் செலுத்தி இழப்புற்றவர் இழப்பீடு பெறலாம். விலக விரும்பினால் பணத்தை வட்டியுடன் திரும்பக் கோரலாம். பதிவு செய்யப்பட்ட விற்பனை உடன்படிக்கை இன்றி விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறுதல் கூடாது. ஆகவே, தீபாவளித் துண்டறிக்கை ஒன்று கைக்கு வந்தால், தங்க நாணயத்தின் படத்தைப் பார்ப்பதற்கு முன் பதிவு எண் அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்ப்பதே அறிவுடைமை.

மாதத் தவணைத் திட்டங்களில் கூடுதல் விழிப்பு வேண்டும். எந்த மனை, எந்தச் சர்வே எண் என்று குறிக்காமல் ‘நிலம் தருவோம், அல்லது பெருகிய பணம் தருவோம்’ என்பது நில விற்பனை அன்று. அது பணம் திரட்டல். வேளாண் நிலத்தின் பெயரால் நாடெங்கும் பணம் திரட்டிய பி.ஏ.சி.எல். நிறுவனம், ஏறத்தாழ 49,100 கோடி ரூபாயை முதலீட்டாளர்களுக்குத் திருப்பித்தர வேண்டும் எனப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2014 ஆகஸ்டில் ஆணையிட்டது. தமிழகச் சிற்றூர்களிலும் அதில் பணம் கட்டியோர் ஏராளம். அண்டை வீட்டாரும் உறவினருமே முகவராக வந்ததால் ஐயுறுவது நாகரிகமன்று என மக்கள் கருதினர். உறவை மதிப்பது வேறு. ஆவணத்தைக் கேட்பது வேறு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுத்தில் பதிந்து சான்றும் வைத்துக்கொள்ளுமாறு திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் பணிக்கிறது. எழுதக் கேட்பது அவநம்பிக்கை அன்று; அது இருவருக்கும் காவல்.

மழை காட்டும் உண்மை

இனி, இக்கட்டுரையின் தலைமையான கருத்துக்கு வருவோம். மனை விற்பனை மிகும் கூதிர்ப் பருவமே மனையைச் சோதிக்க உகந்த பருவமுமாகும். கோடையில் எல்லா நிலமும் சமதரையாகவே தோன்றும். வெள்ளை அடித்த மனைக்கற்களும் வண்ணக் கொடிகளும் கண்ணைக் கவரும். ஐப்பசி மழை பெய்தபின் அதே இடத்திற்குச் சென்றால் நிலம் தானே பேசத் தொடங்கும். எந்த மனையில் நீர் தேங்குகிறது, எந்தச் சாலையில் சேறு முழங்கால் அளவு நிற்கிறது, மேட்டு நிலத்து நீர் எவ்வழியாக இறங்கி ஏரிக்குச் செல்கிறது என்பன தெளிவாகும். மனைப்பிரிவு ஒரு வாய்க்காலை மறித்து அமைந்திருந்தால், வரைபடம் மறைத்ததை வெள்ளம் எடுத்துக்காட்டும்.

பெரம்பலூர் வட்டாரத்துக் கரிசல் மண்ணுக்கு வேறோர் இயல்பும் உண்டு. மழையில் அது உப்பி விரியும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் ஆழமில்லாத கடைக்கால் இட்டுக் கட்டிய சுவர் விரிசல் காணும். எனவே கரிசலில் வீடு கட்டுவோர் கடைக்காலுக்கே கூடுதலாகச் செலவிட நேரும். மனை விலையை ஒப்பிடுவோர் இச்செலவையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். அரியலூர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் தொலைவு, கல் ஏற்றிச்செல்லும் சரக்குந்துகளின் தடம், புழுதி, கிணற்று நீரின் தன்மை ஆகியவற்றை அண்டையில் வாழ்வோரிடம் கேட்டறிதல் வேண்டும்.

புளோரிடாவின் கதையும் ஒரு புயலோடுதான் முடிந்தது. ஏற்கெனவே தளரத் தொடங்கியிருந்த அந்த மனை வணிகத்தை 1926 செப்டம்பரில் மயாமியைத் தாக்கிய பெரும்புயல் வீழ்த்திற்று. விளம்பரங்கள் சொல்லாமல் விட்டதை ஓரிரவுப் புயல் சொல்லிவிட்டது.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடை கூதிரின் மழையோடு தொடங்குகிறது. அரண்மனை எடுப்பதற்கு முன் நூலறிந்தோர் கோல் நட்டு நிழல் நோக்கித் திசை குறித்ததையும், கயிறிட்டு நுட்பமாக அளந்ததையும் அப்பாட்டு விரித்துரைக்கிறது. மன்னனின் மனைக்கே அத்துணை அளவை வேண்டியிருந்தது. எளிய மக்களின் மனைக்கு அளவர் ஒருவரை அழைத்துக் கல்லுக்குக் கல் அளந்து பார்த்தல் மிகையாகாது.

வணிக அறம்

மனை வணிகம் இழிதொழில் அன்று. நேர்மையாக நிலம் வாங்கி, சாலை அமைத்து, மின்கம்பம் நட்டு, உரிய ஒப்புதலுடன் விற்போர் ஊரை வளர்ப்போரே. அவர்கள் இல்லையேல் நடுத்தரக் குடும்பங்கள் ஏக்கர் கணக்கில் வாங்க இயலாது. குறை தொழிலில் இல்லை. மறைத்து விற்பதில் உள்ளது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறையாகக் கொடாமலும் வாழ்ந்ததைப் பட்டினப்பாலை போற்றுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுவதே வணிகர்க்கு வணிகம் என்கிறார் வள்ளுவர். சந்தையில் குவித்திருந்த தானியத்தினுள் நபிகள் நாயகம் (ஸல்) கைவிட்டுப் பார்த்தபோது உட்பகுதி ஈரமாக இருந்தது. மழையில் நனைந்ததாக வணிகர் கூறினார். அவ்வாறாயின் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய நபிகளார், வஞ்சிப்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றார்கள். அச்செய்தி சஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. தானியத்திற்குச் சொன்னது நிலத்திற்கும் பொருந்தும். நனையும் மனையை நனையும் மனை என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்பதில் இழுக்கில்லை.

இங்குத் தமிழ் பயில்வோர்க்கும் ஒரு கடமை உண்டு. நம் மாணவருள் சிலர் அச்சகங்களிலும் விளம்பர நிறுவனங்களிலும் மனை வணிக நிறுவனங்களிலும் பணியேற்கின்றனர். கவர்ச்சியான தொடர் எழுதும் ஆற்றலை நாமே அவர்களுக்குக் கற்பிக்கிறோம். அவ்வாற்றலோடு, அருகில் என்னுமிடத்தில் கிலோமீட்டரையும், அமைந்துள்ளது என்னுமிடத்தில் அமையவுள்ளது என்பதையும் எழுதும் நேர்மையையும் கற்பித்தல் வேண்டும். ஒரு வினைமுற்றின் கால இடைநிலையை மாற்றுவதால் ஓர் ஏழைக் குடும்பத்தின் இருபதாண்டு உழைப்பு அழியக்கூடும் என்பதை உணர்ந்தவனே இலக்கணம் கற்றவன்.

முடிவுரை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் வளர்ந்துவரும் மாவட்டங்கள். அங்கு மனைகள் பெருகுவது இயற்கை. அவ்வளர்ச்சி விளைநிலத்தையும் நீர்வழியையும் பொதுவிடத்தையும் விழுங்காமல் அமைய வேண்டுமாயின் மூன்று செயல்கள் இன்றியமையாதன. வாங்குவோர் துண்டறிக்கையை நம்பாமல் பத்திரத்தையும் புலப்படத்தையும் படித்தறிய வேண்டும். மழைக்காலத்தில் மண்ணை நேரிற் காண வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபைகளில், தம் எல்லைக்குள் உருவாகும் மனைப்பிரிவுகளின் ஒப்புதல், பூங்காவிடம், வாய்க்கால் ஆகியவை பற்றி வினவ வேண்டும். கல்லூரித் தமிழ்த்துறைகள் ஆவணத் தமிழை ஒரு பயிற்சியாகவேனும் மாணவர்க்கு வழங்க வேண்டும். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பெட்டியிலுள்ள பத்திரத்தை எடுத்து, சொத்து விவரத்தைப் பெற்றோர்க்குப் படித்துக் காட்டுவாராயின் அதுவே இப்பயிற்சியின் நல்ல தொடக்கமாகும்.